பத்தாம் பாட்டுக்கு இறங்கியவர்கள்

அந்த பஸ் டிரைவருக்கு வாய் குட்டை, காது நீளம். கேசட், சிடி என்று காலமெல்லாம் சேர்த்த பாட்டுகளை ஒரு ஹார்டு டிஸ்க்கில் குடியேற்றியிருந்தார். வண்டி ஆட்டத்தில் அடிபடக்கூடாதென்று அதற்கு ஒரு கம்பளிக் காலுறை வேறு. "எனக்கு ஒரு போர்வை வாங்க ஆறு மாசம் யோசிச்ச மனுஷன்" என்று மனைவி சொல்லிக் காட்டுவாள்.

நிறுத்தத்துக்கு ஒரு பாட்டு என்பது அவர் வழக்கம். ஆஸ்பத்திரி வந்தால் குழல், பள்ளிக்கூடம் வந்தால் பிள்ளைகள் பாடுவது, கடைசி நிறுத்தமான ரயில் நிலையத்துக்கு மேளம் பிளக்கும் பாட்டு. தினமும் வருகிறவர்கள் கண்ணைத் திறக்காமலே இறங்கப் பழகிவிட்டார்கள்.

கண்டக்டருக்கு ஊர் வைத்த பெயர் சங்கு. ஆலைச் சங்கு தோற்கும் குரல். அந்தக் குரலுக்குத்தான் கண் பட்டது. தொண்டையில் ஆபரேஷன் செய்த டாக்டர், மூன்று மாதம் கத்தவே கூடாதென்று சொல்லிவிட்டார். நிறுத்தத்தின் பெயரைச் சொல்லாத கண்டக்டர் எதற்கு என்று கேட்டார் முதலாளி. பாட்டே சொல்லிவிடும், வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றார் டிரைவர். நாளைக்கே வருகிறேன் என்று முதலாளியும் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே டிரைவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, பாட்டுகளுக்கு ஒன்று முதல் பத்து வரை எண் போட்டார். நிறுத்தம் நெருங்கும்போது சங்கு ரிமோட்டை ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், அடுத்த பாட்டு வரும். முதல் பாட்டு பாடியதும், வேலை முடிந்ததென்று எழுந்துவிட்டார்.

காலையில் நல்ல மழை. சன்னல் தட்டியெல்லாம் இறக்கியாயிற்று. முதலாளி முன் சீட்டில் உட்கார்ந்த கையோடு அசந்துவிட்டார். முதல் நிறுத்தம் ஒழுங்காகப் போனது. இரண்டாவது, தீயணைப்பு நிலையம். அங்கே ஈ காக்கை இறங்காது. சங்கு அமுக்கினார். மேளம் பிளந்தது.

ரயிலுக்குப் போகும் கூட்டம் மொத்தமும் மூட்டை முடிச்சோடு எழுந்தது. சங்கு கையைக் காலை ஆட்டிப் பார்த்தார். வாயிலிருந்து காற்றுதான் வந்தது. முண்டியடித்து இறங்கியவர்களோடு முதலாளியும் இறங்கி, மழையில் நின்று சிவப்பு வண்டிகளைப் பார்த்தார்.

"ரயில் எங்கய்யா?"

"அது இன்னும் எட்டு நிறுத்தம் தள்ளி, முதலாளி."

எல்லோரும் நனைந்த கோழிகளாகத் திரும்பி ஏறினார்கள். முதலாளி நாளை ஒரு நாள் தவணை கொடுத்தார். அதிலும் சொதப்பினால் சங்கு வீட்டில் இருக்கலாம் என்றார். வழியெல்லாம் சங்கு தலை தூக்கவில்லை.

டிரைவரின் மனைவி மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்கு எண் ஒட்டுகிறவள். கதையைக் கேட்டு, சிரித்து முடிக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது.

"அது கணக்கு படிச்ச பெட்டி இல்லைங்க. எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். ஒண்ணைப் பார்த்ததும், ஒண்ணுல ஆரம்பிக்கிற பத்தை இழுத்துட்டு வந்துடுச்சு. ஒத்தை எண்ணுக்கெல்லாம் முன்னாடி ஒரு பூஜ்யம் போடுங்க."

"முன்னாடி போட்டா பூஜ்யத்துக்கு மதிப்பே இல்லைன்னு வாத்தியார் சொன்னாரே?"

"வாத்தியார் பஸ் ஓட்டலையே."

போட்டார். இந்த முறை பத்தையும் ஓடவிட்டுக் கேட்ட பிறகுதான் சாப்பிட வந்தார்.

மறுநாள் முதலாளி வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தீயணைப்பு நிலையத்தில் ஒருவரும் அசையவில்லை. குழலுக்கு நர்சம்மா இறங்கினாள். மேளம் பிளந்ததும் முதலாளி எழுந்து, மூடிய கண்ணோடு படியைத் தடவி இறங்கினார். எதிரே ரயில் நிலையம்.

சங்கின் தோளைத் தட்டி, தொண்டை ஆறும்வரை இப்படியே ஓட்டுங்கள் என்றார். நாலு அடி போனவர் திரும்பினார்.

"அந்த மூணாவது பாட்டை மட்டும் மாத்துய்யா. ஒரே அழுகை, சகிக்கலை."

"சகிக்கிறதுக்குப் போடலை முதலாளி" என்றார் டிரைவர். "அது கோர்ட்டு நிறுத்தம்."

சங்கு சத்தமே வராமல், வயிறு குலுங்கச் சிரித்தார்.