குசினிக்குப் பின்னால் அள்ளிய சேறு

"அப்ப உங்கட அம்மாவக் கூட்டி வாங்க தம்பி! அந்தச் சேத்த உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் நானே என்ட கையால பூசி விடுறன். ஊராங்கட உம்மாமாருக்குப் பூசச் சொல்ல எனக்கு வாய் வராது!"

பஹீமா இப்படிக் கத்தியது விடுதி முகாமையாளன் ஜெயரூபனின் முகத்துக்கு நேரே. வரவேற்பு மண்டபத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள், ஏதோ நல்வரவு சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

"மெல்லக் கதையுங்க பஹீமாக்கா. கெஸ்ட் இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்களுக்கும் மூக்கு இருக்குதானே."

பஹீமா ஏறாவூர்க்காரி. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. குவைத்தில் ஒரு கிழவியின் மலசலம் அள்ளிப் பதினொரு வருடம் கழிந்தது. அந்த வீட்டில் அரபும், கிழவியின் பேரப்பிள்ளைகளோடு மல்லுக்கட்டியதில் இங்கிலீசும் வாயில் ஒட்டிக்கொண்டன. ஊருக்குத் திரும்பியபோது புருசன் கச்சி முகம்மதுவின் காலைச் சீனி வருத்தம் தின்று கொண்டிருந்தது. முதலில் பெருவிரலை வெட்டினார்கள், பிறகு பாதத்தை. பிறகு ஆளே இல்லை. அந்தப் புண்ணைக் கழுவிய மணம் மட்டும் அவள் மூக்கை விட்டுப் போகவில்லை.

வாவிக்கரையில் இந்தச் சுகவாழ்வு விடுதி திறந்தபோது, இங்கிலீசு பேசுகிறாள் என்று அவளை வேலைக்கு எடுத்தார்கள். புதிதாக வருகிறவர்களை அவளுக்கு முன்னால் இருத்துவார்கள். தூக்கம் வருகிறதா, வயிறு போகிறதா, எங்கே நோகிறது, புண் இருக்கிறதா என்று அவள் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, உனக்கு எண்ணெய், உனக்கு யோகா, உனக்குத் தோணிச் சவாரி, உனக்குச் சேற்றுப் பூச்சு என்று சொல்ல வேண்டும்.

என்னென்ன மனிதர்கள்! ஒருவன் ஒரு கிழமையாக இலையும் தண்ணீருமாக இருந்துவிட்டு, உடம்பு சுத்தமாகிவிட்டது என்பான். வாயைத் திறந்தால் செத்த எலி மணக்கும். ஒருத்தி தன் நாய்க்குத் தூக்கம் வரவில்லையென்று அழுவாள். புருசனும் பெண்டாட்டியும் அவளுக்கு முன்னாலேயே அடிபிடிப்பட்டு, எங்களுக்கு அமைதி வேண்டும் என்பார்கள். பஹீமா அவர்களை ஆளுக்கொரு தோணியில் ஏற்றி விடுவாள். அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் பொய் சொல்லி யாரையும் எங்கும் அனுப்பியதில்லை.

சேற்றுப் பூச்சுத்தான் அங்கே விலை கூடினது. அசனார் என்ற தோணிக்காரர் அக்கரைக் கண்டல் மரங்களுக்கு அடியிலிருந்து கறுத்த சேறு கொண்டு வருவார். வெண்ணெய் மாதிரி இருக்கும், உப்புத்தான் மணக்கும். அதைப் பூச அனுப்புவதில் பஹீமாவுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

மாரி வந்தது. வாவி பெருகி முற்றத்து வாசல் வரை ஏறியது. முகத்துவாரத்து மணல்திட்டை இன்னும் வெட்டிவிடவில்லை. வெட்டினால்தானே தண்ணீர் கடலுக்கு ஓடும். ஓடாத தண்ணீர் எல்லா அழுக்கையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. அக்கரைச் சேறு ஆளுயரத் தண்ணீருக்கடியில் என்று அசனார் கையை விரித்துவிட்டார். பஹீமா அன்று காலை தேயிலைச் சக்கையைக் கொட்டக் குசினிக்குப் பின்னால் போனபோது, தோட்ட வேலைக்காரர்கள் அங்கேயே வாளியில் சேறு அள்ளிக்கொண்டு நின்றார்கள். குசினிச் சாக்கடைக் கானும் கக்கூசுக் குழியும் நிரம்பி வழிகிற இடம் அது.

அதற்குத்தான் இந்தச் சண்டை.

"எல்லாம் ஆத்துச் சேறுதானே," என்றான் ஜெயரூபன். "எலுமிச்சம்புல் எண்ணெய் கலந்தாச் சரி."

"பீயில அத்தர் தெளிச்சாப் பிரியாணியாகுமா?"

அவன் முகம் சிவந்தது. "நேத்துப் பின்னேரம் சுவிஸில இருந்து ஒரு அம்மா வந்திருக்கா. சேறு கேட்டுத்தான் வந்தவ. அவவ மறிச்சீங்களெண்டா நாளைக்கு நீங்க வரத் தேவல்ல."

அந்த நேரம் அந்த அம்மாவே உள்ளே வந்தாள். பெயர் சீதேவிப்பிள்ளை. பிறந்தது பெரியகல்லாறு, சண்டைக் காலத்தில் சுவிசுக்குப் போனவள். அறுபது தாண்டிய பெருத்த உடம்பு. மண்டபத்து வாசலில் வெள்ளைக்காரர்கள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். இவள் வெள்ளைச் சப்பாத்தோடு டக்கு டக்கென்று நடந்து வந்து கதிரையில் இருந்தாள். இந்த மண்ணில் பிறந்தவள் சப்பாத்தோடு வீட்டுக்குள் வருவாளா? பஹீமாவின் கண் அந்தச் சப்பாத்தை விட்டு எழும்பவில்லை.

"சப்பாத்தக் கழட்டல்லையா அக்கா?"

"குளிருது புள்ள."

"சுவிஸில இருந்து வந்த உங்களுக்கு இஞ்ச குளிருதா?"

சீதேவிப்பிள்ளை காலைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"சீனி இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு. குளுசை போடுறன்."

"காலில புண்?"

"ஒண்டுமில்லகா. சும்மா ஒரு வெடிப்பு. நீ சேத்துக்கு எழுது. நான் சின்னனில கல்லாத்துச் சேத்தில உருண்டு வளந்தவள். எங்கட சேறு எங்கள என்ன செய்யப் போகுது?"

"அம்மா சொல்றது சரி," என்றான் பின்னால் நின்ற ஜெயரூபன்.

பஹீமா எழும்பிப் போய் நிலத்தில் குந்தினாள். கேட்காமலே சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள். "என்ன புள்ள செய்றாய், விடு!" என்று சீதேவிப்பிள்ளை காலை இழுக்க இழுக்க, காலுறையையும் சேர்த்து உருவினாள். காலுறை குதிகாலில் ஒட்டியிருந்து பிரிந்தது. உள்ளே மஞ்சள் சீழ். எழும்பி வந்த மணம் அவளுக்குத் தெரிந்த மணம். கச்சி முகம்மதுவின் மணம்.

"எவ்வளவு நாளா மறைச்சிட்டுத் திரியிறீங்க?"

சீதேவிப்பிள்ளையின் குரல் இறங்கியது. "மகளுகளுக்குச் சொன்னா என்ன ஊருக்கு வர விடாளுகள் புள்ள. ஒருக்கா வந்து பாத்திட்டுப் போயிரலாமெண்டு..."

"காலோட வந்தீங்க. காலில்லாமப் போகப் போறீங்களா? எழும்புங்க."

சப்பாத்தைத் திரும்பவும் மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக் குசினிக்குப் பின்னால் கூட்டிப் போனாள். ஜெயரூபன் குறுக்கே வந்து நின்றான். பஹீமா தோளால் அவனை இடித்துக்கொண்டு போனாள். மதிலில் சாத்தியிருந்த தடியை எடுத்து, வாளி வைத்த இடத்துச் சேற்றைக் கிண்டினாள். முதலில் றால் தலைகள் வந்தன. பிறகு மீன் குடல், புழு நெளிய நெளிய. பிறகு ஏதோ வெள்ளைக்காரக் குழந்தையின் பம்பர்ஸ் ஒன்று ஊதிப் பெருத்து, தடியில் தொங்கிக்கொண்டு வந்தது.

"இதுதான் உங்கட சேறு. பூசவா?"

சீதேவிப்பிள்ளை மதிலைப் பிடித்துக்கொண்டு ஓங்காளித்தாள். காலைக்குத் தின்ற பழமெல்லாம் வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி ஜெயரூபனைப் பார்த்தாள்.

"நாசமறுவானே! நேத்து இரவு உன்ட கவுண்டரில வாங்கின போத்தல் சேத்த முகத்தில பூசிட்டெல்லோ படுத்தன்! உனக்கும் ஒரு தாய் இருக்காளாடா?"

"அம்மா, அது வேற... அது ஸ்பெஷல்..."

"தூ!" அவள் துப்பியது அவன் பளபளத்த செருப்பில் விழுந்தது.

ஜெயரூபன் பஹீமா பக்கம் திரும்பினான். "நாளைக்கு வர வேணாம்."

"இண்டைக்கே போறன். எனக்கும் மணம் தாங்கல்ல."

ஓட்டோ பிடித்து இருவரும் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழி நெடுக ஒருத்தி விடுதிக்காரனைத் திட்ட, மற்றவள் மறைத்த காலைத் திட்டினாள். புண்ணைச் சுரண்டிக் கழுவிக் கட்டினார்கள். புண் எலும்புக்குப் போகவில்லை, கால் தப்பிவிட்டது, ஆனால் வார்ட்டில் படுக்க வேண்டும் என்றார்கள்.

"மறுகா, மகளுகளுக்கு ஆரு சொல்ற?" என்று சீதேவிப்பிள்ளை முனகினாள்.

"நான் சொல்றன். நம்பரத் தாங்க. எனக்கு ஏச்சு வாங்கிப் பழக்கம்."

உடுப்பு மாற்றிவிடுவதற்காகப் பஹீமா அவளுடைய பையைத் துழாவினாள். அடியில் அந்தப் போத்தல் கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற கண்ணாடி, தங்க நிற மூடி. திறந்தாள். எலுமிச்சம்புல் மணத்தது, அதற்குக் கீழே மற்றதும் மணத்தது. சேற்றுக்கு மேலே ஒரு றால் மீசை நீட்டிக்கொண்டு நின்றது.

"சீ! இதுக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

சீதேவிப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பஹீமா போத்தலை மூடிக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைப் பார்த்தாள். ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.