வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. கண்ணால் பார்த்த, தோட்டத்துக் கணக்கெழுதும் எங்கள் கிராணியே கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

1956. மலாயாவில் கெமாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அவசரகாலம். எனக்குப் பத்து வயது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கை போய்விடக் கூடாதென்று தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். வீட்டில் உலை வைக்கவும் தடை. மாலை ஆறு மணிக்குப் பொதுச் சமையல்கூடத்தில் வரிசை. ஏழு மணிக்கு ஊரடங்கு.

என் அம்மா மயிலம்மாள், அரிசி களையும்போது முதல் பிடியை முனியாண்டிக்கென்று எடுத்து வைப்பவள். உலை போனதும் தன் தட்டிலிருந்து ஒரு பிடி சோறு எடுத்தாள். முனியாண்டி கல் வேலிக்கு வெளியே, ஒரு கை நீளத்தில் இருந்தது. முள்கம்பிக்கு நடுவே கையை விட்டு வைப்பாள். முழங்கைவரை கீறல்கள். பால் மரம் வெட்டும் கத்தி ஏற்கெனவே அந்தக் கையின் நடுவிரலை வாங்கியிருந்தது.

ஒரு நாள் யாழ்ப்பாணத்துக்காரரான கிராணி தம்பிராஜா பார்த்துவிட்டார்.

"அது சாமிக்குங்க, ஐயா."

"உங்கட சாமிக்கு ரேஷன் கார்டு இருக்கோ?"

அவர் மகனுக்கு அம்மை போட்டபோது அதே சாமியிடம்தான் அம்மா வேண்டிக்கொண்டாள். அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்பச் சொல்லியிருப்பார்.

நவம்பரில் அம்மாவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி தயார். ஆனால் கேட் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். அம்மா நாலு இருபதுக்குப் போய்விட்டாள். போவதற்கு அவளுக்கு யாருடைய பாஸும் வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, கல்லின் முன்னால் ஒரு பிடி சோறு.

நான்காம் நாளும்.

ஐந்தாம் நாள் கிராணி அப்பாவைக் கூப்பிட்டார்.

"சன்னாசி, ஆருக்கடா சோறு வைக்கிறாய்? காட்டில இருக்கிறவனுக்கோ?"

"நான் வைக்கலங்க."

"அப்ப ஆர்? செத்தவளோ?"

அப்பா வேலியைப் பார்த்தார்.

"இண்டைக்கு நீயும் உன்ர மகளும் எனக்கு முன்னால இருக்கோணும். சோறு வராட்டில் நீதான் ஆள். விடிய ஜீப் வரும்."

ஜீப்பில் ஏறியவர்களைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அன்று வரிசையில் நின்றபோதே வேண்டிக்கொண்டேன். அம்மா, வந்துடு.

எப்போதும் போல நான்தான் வரிசையில் கடைசி. மற்ற பிள்ளைகள் முதலில் சாப்பிடட்டும் என்பது அம்மா போட்ட சட்டம். எனக்குப் போட்ட பிறகு சமையல்காரி ராக்கம்மா இன்னொரு தடவை அகப்பையை அண்டாவுக்குள் விட்டார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். வீட்டுக்குத் திருடுகிறார் என்று நினைத்தேன். என் உச்சந்தலை வேறு குளிர்ந்தது. தகரக் கூரை ஒழுகுகிறது என்று நினைத்தேன். மழை இல்லை.

மணி 7:05. வேலியோரக் காவல் கொட்டகை. அப்பாவின் இரண்டு கைகளும் மேசைமேல். கிராணியிடம் ஒரு டார்ச், ஒரு குடை, நிறையப் படிப்பு.

"பேய், பிசாசெல்லாம் படியாத சனத்துக்கு," என்றார்.

7:15. தவளைகள் கத்தின.

7:19. தவளைச் சத்தம் நின்றது...

7:20.

டங்...

கம்பி.

டார்ச் வெளிச்சம் வேலிக்குப் போனது. மேல் கம்பி உயர்ந்தது. கீழ்க் கம்பி தாழ்ந்தது. நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி.

கை இல்லை.

"ஆர்... ஆரது?"

தொப்.

கல்லின் முன்னால் சோறு. ஆவி பறந்தது.

டார்ச் கீழே விழுந்து உருண்டது. கிராணி தேவாரம் பாடத் தொடங்கினார். இரண்டாம் அடி மறந்துவிட்டது. முதலடியையே திரும்பத் திரும்பப் பாடினார்.

நான் கூப்பிட்டேன்.

"அம்மா..."

கம்பி அப்படியே நின்றது.

ஒரு மூச்சு நேரம்...

பிறகு மெல்லத் தன் இடத்துக்குப் போனது.

காலையில் போய்ப் பார்த்தோம். பிடித்த சோற்றில் விரல் தடங்கள். நடுவில் ஒரு தடம் இல்லை. அப்பா அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

ஜீப் வரவில்லை. 'வேலியருகே சோறு வைத்தது குரங்கு' என்று கிராணி அறிக்கை எழுதினார். படித்தவர் பேயைப் பார்த்ததாக எழுத முடியாதே. அப்பா தப்பினார், அம்மா குரங்கானாள். அதன்பின் ஆறு மணிக்குமேல் கிராணி அந்தப் பக்கமே வந்ததில்லை.

போன வருடம் ரஹாங்கில் ராக்கம்மாவைப் பார்த்தேன். பழைய திருட்டைச் சொல்லிக் கிண்டல் செய்யலாம் என்று ஆரம்பித்தேன்.

"ஏன்க்கா, நான்தானே கடைசி ஆளு. அதுக்கப்புறமும் ஒரு அகப்பை அள்ளுவீங்களே, வீட்டுக்கா?"

அவர் சிரிக்கவில்லை.

"நீ எங்க கடைசி? ஒங்கம்மா நிப்பாளே, ஒனக்குப் பின்னால."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தட்டு இருக்காது. கையத்தான் நீட்டுவா. ஒரு பிடி போடுவேன்."

"பயமா இல்லியா?"

"மொத நாளு இருந்திச்சி லா. அப்புறம்... சோத்துக்குக் கை நீட்டறவகிட்ட என்னா பயம்."

"எத்தன நாளு?"

"வேலியப் பிடுங்கற வரைக்கும். ஒரு கை எங்கிட்ட நீட்டியிருக்கும். இன்னொரு கை ஒன் தல மேல இருக்கும்."

வேலியை 1958இல்தான் பிடுங்கினார்கள்.

இரண்டு வருடம். நான் ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.