இடுப்பில் கட்டிய போலீஸ் கயிறு

சென்ற செவ்வாய்க்கிழமை மத்தியானம் துறைமுகக் கரையில் ஒரு கொப்பரைக் கிடங்கு பற்றிக்கொண்டது. என் ஆபீஸ் அதற்கு எதிர்வரிசை. கருகிய எண்ணெய் வாசனை இன்னும் என் கோட்டிலிருந்து போகவில்லை... சலவைக்குப் போட்ட பிறகும்!

தெருவுக்குக் குறுக்கே போலீஸ் கயிறு. காவலுக்கு சார்ஜண்ட் யூசோஃப். மலாய்க்காரர், ஆனால் தமிழர்கள் நிறைந்த சூலியா தெருவில் வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார், நடுவே ஊர் வழக்கப்படி ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

மூன்று கால் காமிராவைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார், போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் காசிம் அண்ணன்.

"உள்ளே விடுங்க சார்ஜண்ட்."

"முடியாது லா. பின்னால போங்க."

"இது பொதுத் தெரு. நிக்க எனக்கு உரிமை இருக்கு."

"தெரு பொதுதான், அண்ணே. சுவர் விழுந்தா உங்க தலையில மட்டும்தான் விழும்."

கூட்டம் சிரித்தது. காசிம் அண்ணன் சிரிக்கவில்லை. கடல் தண்ணீரை வாளி வாளியாகக் கைமாற்றிக்கொண்டிருந்த நம் துறைமுகத் தொழிலாளர்களைக் காட்டினார்.

"நாளைக்கு முதலாளியோட நஷ்டத்தைப் பத்தித்தான் ஊரே பேசும். இவங்க முகத்தை யார் பார்ப்பா? இங்கேருந்து எடுத்தா முதுகுதான் தெரியும்."

'சட்டம்' என்ற ஒரு வார்த்தையில் சார்ஜண்ட் அவரை விரட்டியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? அவரோ எரியும் கிடங்கின் சுவரை அளவெடுப்பதுபோல் பார்த்தார். பிறகு மிச்சக் கயிற்றை எடுத்து காசிம் அண்ணன் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டார்!

"நான் இழுத்தா வந்துடணும். படம் போனாலும் வரணும். சரியா?"

"சரி."

கிட்டே போய் முதல் படம் எடுத்தாயிற்று. படம் பதிந்த கண்ணாடித் தகட்டை மரச்சட்டத்தோடு தோள்பையில் பத்திரப்படுத்தினார். ஆசை விடுமா? இன்னொன்றுக்காகக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார்.

அந்தத் துணிக்குள் காமிராக் கண்ணாடியில் எல்லாமே தலைகீழ். சுவர் சரியத் தொடங்கியபோது, அது எழும்பி வருவதாகத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "தலைகீழ்னு புத்திக்குத் தெரியும். பயத்துக்குத் தெரியலையே!" என்றார் பிற்பாடு.

கயிறு இறுகியது. "இருங்க லா! இன்னும் கொஞ்சம்!" — துணிக்குள்ளிருந்து கத்தல். சார்ஜண்ட் அவரை மல்லாக்க விழும்படி இழுத்தார். இருவரும் உருண்டார்கள். காசிம் அண்ணன் நின்ற இடத்தில் சுவர் விழுந்தது. காமிரா நொறுங்கியது. சார்ஜண்டின் உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்துவிட்டது.

அதிகாரம் என்றால் தள்ளுவது என்றே பழகிவிட்டோம். பிடித்துக்கொள்ளவும் அதற்குத் தெரியும் — அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நேற்று ஸ்டூடியோ ஜன்னலில் அந்த முதல் படம். புகைக்கு நடுவே வாளி வரிசை. ஒவ்வொரு முகமும் துல்லியம். கையில் கட்டோடு சார்ஜண்டும் பார்க்க வந்திருந்தார்.

"எல்லாரும் இருக்காங்க. நான் எங்கே, அண்ணே?"

"நீங்க காமிராவுக்குப் பின்னால, சார்ஜண்ட். அதனாலதான் நானும் இருக்கேன்."