மிளகு ஏணியும் டவர் வரிசையும்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையிடம் ஏதாவது கேட்கவேண்டுமா என்று பெரியவர்கள் ஒப்புக்குக் கேட்டார்கள். ஒப்புக்குக் கேட்டால் ஒப்புக்குத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"உங்க ஊட்டுல இருந்து பார்த்தா, கீழ போற கரண்ட் டவர் லைன் தெரியுங்களா?"

என் அம்மா முறைத்த முறைப்பில் கையிலிருந்த காபி ஆறியிருக்கும். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "என்ன கேக்குது புள்ள?" என்று குனிந்து விசாரித்தார். மாப்பிள்ளை மட்டும் அசரவில்லை. "தெரியுமுங்க. எங்க மிளகுக் காட்டுல நின்னா காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் வரிசையாத் தெரியும்" என்றார்.

அந்த இடத்திலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்தது மாப்பிள்ளையையா, டவர் வரிசையையா என்று இன்றுவரை வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் பிறந்ததும் கொல்லிமலையில்தான். ஆனால் வேறொரு நாட்டில், மேடு தாண்டி அந்தப் பக்கம். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதை நாடு என்போம். எங்கள் ஊரில் இருந்தவை சாதாரண மின்கம்பங்கள். பலமாகக் காற்றடித்தால் அவை சாயும், நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருப்போம். கம்பத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதையும் இருந்ததில்லை. படிப்பதற்காகச் சேந்தமங்கலத்தில் விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே என் கட்டிலுக்கு மேலிருந்த சன்னல் வழியாகத்தான் முதல் டவரைப் பார்த்தேன்.

கடலைக் காட்டின் நடுவில் நாலு காலையும் அகட்டி நின்றது. கால்களைச் சுற்றி முள்கம்பி, அதற்கு மேல் ஒரு மண்டையோட்டுப் பலகை. கைகளிலிருந்து பீங்கான் தட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. தூறல் போட்டால் கம்பியிலிருந்து அப்பளம் பொரிகிற சத்தம் வரும். மற்றப் பெண்கள் சாலைப் பக்கத்துச் சன்னலுக்குச் சண்டை போட்டார்கள், அங்கேதான் மனித நடமாட்டம் இருந்தது. என் சன்னலுக்குப் போட்டியே கிடையாது. "உன் ஆளு வெயில்ல நிக்கிறான்டி, கொடை கொண்டுபோய்க் குடு" என்பார்கள். எனக்குக் கோபம் வராது. நிற்கத்தான் செய்தது, என்ன செய்வது?

வருடக்கணக்காகப் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. எல்லா டவரும் ஒன்றல்ல. லைன் நேராகப் போகிற இடத்தில் டவர் ஒல்லியாக இருக்கும், பீங்கான் சரம் சும்மா கீழே தொங்கும். லைன் திரும்புகிற இடத்தில் மட்டும் டவர் தடித்து, கால் அகன்று, பீங்கான் சரங்கள் இரண்டு பக்கமும் படுத்துக்கிடக்கும். கம்பிகள் இழுக்கிற இழுப்பையெல்லாம் அதுதான் தாங்குகிறது. அதற்கு நான் 'திருப்ப டவர்' என்று பெயர் வைத்திருந்தேன். எங்கள் வரிசை சேந்தமங்கலத்திலிருந்து மலையைப் பார்த்து விறுவிறுவென்று போகும். காளப்பநாயக்கன்பட்டி வரை போய், என்ன நினைக்குமோ, அங்கே சட்டென்று திரும்பிவிடும். சாயங்காலங்களில் ஒவ்வொரு டவராகக் கண்ணால் தொட்டுக்கொண்டு மலையடிவாரம் வரை போய்விட்டு வருவேன். மணி அடித்துச் சாப்பிடக் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பேன்.

ஆகவே பெண் பார்க்க வந்தவரிடம் நான் கேட்டது விளையாட்டுக் கேள்வி அல்ல. கட்டிக்கொண்டு போகிற வீட்டில் என் பைத்தியத்துக்கும் ஒரு மூலை ஒதுக்குவார்களா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அது ஆவணி மாதம். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன என் மாமாவிடம், லைன் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். அவர் திரும்பி வந்து, அங்கே சாப்பிட்ட மலைவாழைப்பழத்தைப் பற்றி மட்டும் வெகுநேரம் பேசினார்.

தையில் கல்யாணம். திண்ணனூர் நாட்டில், மலையின் மேற்கு விளிம்பில் இருந்தது அவர்கள் ஊர். வந்த மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மிளகுக் காட்டுக்குப் போனேன். சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி ஏறியிருந்தது. மேற்கே பார்த்தேன். இலை. நாலடி தள்ளிப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் இலை. பாறை மேல் ஏறி நின்று பார்த்தேன். இன்னும் நிறைய இலை.

வீட்டுக்கு வந்து, புது மாப்பிள்ளை என்றும் பாராமல் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, லைன் தெரியும்னீங்களே, எங்கீங்க?"

"இப்பத் தெரியாது. வைகாசில கெளை கழிப்பமில்ல, அப்பத் தெரியும்" என்றார், பல் துலக்கிக்கொண்டே.

"அத அன்னிக்கே சொல்றதுக்கு என்னங்க?"

"கழிச்சாத்தான் தெரியும்னு யாருக்குத்தான் தெரியாது?" என்றார், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு.

எனக்குத் தெரியாது. எங்கள் ஊர் சாமையும் மரவள்ளியும் போடுகிற ஊர். மிளகுக்காரர்கள் விஷயமே வேறு. கொடிக்கு வெயில் விழுவதற்காக வருடா வருடம் மழைக்கு முன்னால் மரத்தின் கிளைகளைக் கழித்துவிடுவார்கள். மரம் மொட்டையாக நிற்கும். அடுத்த வருடத்துக்குள் திரும்பவும் தழைத்துவிடும். அதனால் அவர்களுக்கு மரம் ஒரு மறைப்பே அல்ல. நடுவில் கொஞ்ச நாள் வந்துபோகிற விருந்தாளி மாதிரி. மரத்துக்கு அப்பால் இருப்பதையெல்லாம் 'தெரியும்' என்றுதான் சொல்வார்கள். இவர் பொய் சொல்லவில்லை. அதனால் சண்டை போடவும் வழியில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பாவம், சமாதானப்படுத்தப் பார்த்தார். பஸ்ஸில் வரும்போது சன்னல் வழியாக டவரைப் போனில் படமெடுத்து வந்து காட்டினார். சோற்றைப் படமெடுத்துக் காட்டினால் பசி ஆறுமா என்று கேட்டேன். அதன்பிறகு படமெடுக்கவில்லை.

இதற்கிடையில் மறுவிருந்துக்கு நாத்தனார் வீட்டுக்குப் போனோம். இவருடைய தங்கையைக் காளப்பநாயக்கன்பட்டியில் கொடுத்திருந்தார்கள். கை கழுவப் பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அவர்கள் காட்டைத் தாண்டியதும் என் திருப்ப டவர்! விடுதியிலிருந்து குண்டூசி மாதிரி தெரிந்தது, இங்கே மேகத்தை முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே இலையில் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க அண்ணி, அதுல என்ன இருக்குது?" என்று கேட்டாள். பீங்கான் சரம் படுத்திருப்பதைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சோறு போடட்டுங்களா?" என்றாள்.

மலைக்குத் திரும்பியபோது மிளகு பறிப்பு தொடங்கியிருந்தது. பறிப்பதற்கு ஒற்றை மூங்கிலில் ஏணி செய்து மரத்தில் சாத்தியிருப்பார்கள். கணுவுக்குக் கணு கிளையைக் குட்டையாக விட்டு நறுக்கியிருப்பார்கள், அதுதான் படி. ஏறிப் பறிப்பது ஆண்கள், கீழே பொறுக்குவதும் உதிர்ப்பதும் பெண்கள். ஒருநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன். உச்சிக்குப் பக்கத்தில் இலைக்கு நடுவே ஒரு முறம் அளவு இடைவெளி இருந்தது. அதில் வரிசை முழுதும் இருந்தது. கீழே வெகுதூரத்தில், சேலை ஓரத்தில் போட்ட தையல் மாதிரி, டவருக்கு அடுத்து டவர். காளப்பநாயக்கன்பட்டியில் திரும்புகிற இடம் வரை எல்லாம் பத்திரமாக இருந்தன. சந்தோஷத்தில் ஒவ்வொன்றாகக் கை நீட்டி எண்ணினேன். ஏணியும் சேர்ந்து ஆடியது.

பறிப்பு முடிந்த பிறகும் அந்த ஒரு ஏணியை மட்டும் எடுக்கவிடவில்லை. வைகாசி வரைக்கும்தானே என்று இருந்தேன். சித்திரையில் அத்தை, அதாவது என் மாமியார், சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "இந்த வருசம் வெயிலு இந்தப் போடு போடுது. கெளை கழிக்க வேண்டாம். நெழல் இல்லாட்டிக் கொடியெல்லாம் காஞ்சு போயிரும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன். அத்தை சொன்னதில் தப்பு சொல்ல முடியாது, மிளகுதான் எங்களுக்குச் சோறு. ஆனால் அன்று எனக்கு அழுகை வந்தது. இந்த வருடம் வெயில், அடுத்த வருடம் வேறொன்று. அந்த முறம் அளவு இடைவெளியும் தழைத்து மூடிக்கொண்டால், இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது ஒன்றுமில்லை என்று தோன்றியது. வீம்புக்குத் தினமும் ஏறினேன்.

ஊர் சும்மா இருக்குமா? பஸ் நிற்கிற இடத்தில் அத்தையைப் பிடித்து, "உங்க மருமவ மரத்து மேலயே குடியிருக்குதாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். காத்துக் கறுப்பு ஏதாவது அண்டியிருக்கும் என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அத்தை கோயிலில் திருநீறு வாங்கி வந்து என் நெற்றியில் அப்பினார். நான் அந்தத் திருநீற்றோடு போய் ஏணி ஏறினேன்.

மறுநாள் காலை, வெயில் ஏறிய நேரம். முந்தின நாள் பெய்த கோடை மழையில் காற்று துலக்கி வைத்தது போல இருந்தது. மரத்தின் மேல் இருந்தேன். கீழே அத்தையின் குரல்.

"ஏங்கண்ணு, அப்பிடி என்னதான் தெரியுது அங்க?"

டவர் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லிப் பயனில்லை என்று எனக்கே தெரியும். வரிசையைக் கண்ணால் தொட்டுக்கொண்டே போனேன், திருப்ப டவரில் வந்து நின்றேன். இத்தனை நாளாக அதைப் பார்க்கிறேன், அதன் காலடியில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் நினைக்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

"உங்க பொண்ணு ஊடு தெரியுதுங்க அத்தை" என்றேன்.

அத்தைக்குப் பஸ் ஆகாது. ஊசி வளைவில் பஸ் திரும்பத் திரும்பக் குடலே வெளியே வந்துவிடும். மகளைப் பார்க்க ஒருமுறை இறங்கி ஏறினால் இரண்டு நாள் படுக்கைதான். அதனால் போவதே இல்லை. மகளும் நோம்பி, பண்டிகைக்குத்தான் மலையேறி வருவாள்.

"எறங்கு" என்றார்.

இறங்கினேன். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அத்தை ஏற ஆரம்பித்தார். சத்தம் கேட்டு ஓடி வந்த இவர், "அம்மா! உளுந்தராதம்மா!" என்று ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் கீழிருந்து வழி சொன்னேன்: "வரிசையா டவரு தெரியுதுங்களா? அப்பிடியே மலைப்பக்கம் வாங்க. எங்க திரும்புதோ அங்க நிறுத்துங்க. அந்த டவருக்குக் கெழக்கால."

"பொட்டு மாதிரி ஒரு ஊடு."

"அதுதானுங்க."

அத்தை மடியிலிருந்து போனை எடுத்தார். "பாப்பா, வெளிய வா. வந்து மலையப் பாரு... வரலடி, மரத்து மேல இருக்கேன்... எனக்குப் பைத்தியமெல்லாம் இல்ல. உனக்கு நான் தெரியறனா? தெரியாதா? நீயும் தெரியல. ஊடு மட்டும் தெரியுது."

எனக்கு ஒன்று தோன்றியது. "அத்தை, சீர்த் தாம்பாளத்த எடுத்து வெயில்ல ஆட்டச் சொல்லுங்க!" என்று கத்தினேன். அத்தை அப்படியே போனில் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இவர் நிமிர்ந்து பார்த்துக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று மேலிருந்து, "மினுக்குது! மினுக்குது சாமி!" என்று ஒரு கூச்சல். ஏணி ஆடியது. அதற்குப் பிறகு வெகுநேரம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

இறங்கி வந்து சேலையை உதறிக்கொண்டு மகனிடம் சொன்னார்: "மேக்கால இருக்கற அந்த மூணு மரத்த மட்டும் கழிச்சுப் போடு. கொடி காஞ்சாக் காயட்டும்."

வைகாசியில் மூன்று மரம் மொட்டையானது. தரையில் நின்றே இப்போது வரிசை முழுதும் தெரிகிறது. ஆனால் நிற்க இடம் கிடைத்தால்தானே? காலையில் வேலை முடிந்ததும் அத்தை முதலில் வந்து நின்றுவிடுகிறார். தாம்பாளம் மினுங்கும். மினுங்கிய பிறகுதான் மற்றப் பேச்சு. மேகம் அந்தப் பக்கம் இறங்குவதைப் பார்த்துவிட்டால் உடனே போன்: "பாப்பா, டவருக்கு மேல கறுக்குது, துணிய எடு." கீழே நாத்தனாரின் அக்கம்பக்கத்தில் அத்தைக்கு அருள் வந்திருப்பதாகப் பேச்சு. என் டவரை அவர் எடுத்துக்கொண்டார் என்று இவரிடம் குறைப்பட்டேன். சிரித்தார்.

போன வாரம் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். தாம்பாளம் மினுங்கி முடிந்திருந்தது. அத்தை என் பக்கம் திரும்பி, "உங்கம்மா ஊடு எந்தப் பக்கம் கண்ணு?" என்றார்.

நான் பின்னால் கையைக் காட்டினேன். "அந்த மேட்டுக்கு அப்பால. அங்கெல்லாம் டவர் லைன் இல்லீங்க அத்தை. இங்கிருந்து ஒண்ணும் தெரியாது."

அத்தை அந்த மேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப நாளைக்கு பஸ் ஏறிப் போயிட்டு வா. நாலு நாள் இருந்துட்டு வா சாமி" என்றார்.

நான் பார்த்தது டவரைத்தான், அம்மா வீட்டைத் தேடி அல்ல. விடுதிச் சன்னலிலும் சரி, இந்த ஏணி மேலும் சரி, சத்தியமாக டவரைத்தான் பார்த்தேன். அதை அத்தையிடம் விளக்க ஆரம்பித்தேன், பாதியில் விட்டுவிட்டேன். போய்த் துணிப்பையை எடுத்தேன்.