கொம்பு முளைத்த எழுத்து

நேற்று வேலூர் வாசகசாலையில் ஒரு புத்தகத்தில் படம் பார்த்தேன். ஆங்கிலத்து முதலெழுத்து 'ஏ' இருக்கிறதே, அது ஆதியில் மாட்டுத் தலையாம். தலைகீழாகப் பிடித்தால் இரண்டு கொம்பும் கூர்முகமும் தெரியும். காலப்போக்கில் யாரோ கவிழ்த்துவிட்டார்கள். படித்ததும் என் மூக்கில் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வாடை ஏறியது.

எங்கள் வீட்டில், தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் இறங்காமல் கூலி வாங்கிய முதல் ஆள் நான். ஆம்பூர்த் தோல் ஷாப்பில் முதல் தரத் தோலுக்கு 'ஏ' முத்திரை அடிக்கும் வேலை. முதல் நாள் அவசர அவசரமாக ஒரு கட்டு முழுவதும் அடித்து முடித்தேன். தரம் பிரிக்கும் கரீம் பாய் வந்து பார்த்தார்.

"இன்னா நைனா, மாட்டுத்தோல் மேல மாட்டு மூஞ்சியே போட்டு வெச்சிருக்கே!"

அத்தனையும் தலைகீழ். அதற்குக் காரணம் உண்டு. பள்ளியில் ஒரே புத்தகம். தோல்காரர் வீட்டுப் பிள்ளை என்று என்னைப் புத்தகத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளி உட்கார வைத்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தே 'ஏ'யைக் கற்றேன். நேராக எழுதப் பிறகு பழகினாலும், அவசரத்தில் கை முதல் பாடத்துக்கே போய்விட்டது.

மேஸ்திரி கத்தினார்: "படிச்ச லட்சணம் இதானா? நாளையிலேர்ந்து உங்கப்பனோட குழியில எறங்கு!"

சுண்ணாம்பு தின்ற அப்பாவின் விரல்கள் கண்ணில் ஆடின.

"பேஜார் பண்ணாதய்யா," என்றார் பாய். "வாங்கறவன் தோலைத் தடவுவானா, எழுத்தைத் தடவுவானா? தோலைத் தலைமாத்திப் போடு, எழுத்து தானா நிமிந்துடும்."

மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேலை தப்பியது.

அன்று மாலை பாய் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். "இது எங்க அலிஃப். அல்லா பேருக்கு முதல் எழுத்து, எண்ணிக்கைக்கு ஒண்ணு. தலைகீழா நிறுத்து, அப்பவும் இதான். உன் எழுத்துக்குத்தான் இத்தனை ரோதனை!"

அந்த அலிஃபும் அதே மாட்டின் வழிதானாம், புத்தகத்தில் இருக்கிறது. நம் அகரமும் ஒருவேளை அந்த மந்தைதான் என்று சிலர், இல்லையென்று சிலர். எனக்குச் சொல்லத் தெரியாது. மெய்சிலிர்த்து உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

இப்போது முத்திரைக் கட்டையில் மேல்பக்கம் தெரிய ஒரு வெட்டு போட்டுவிட்டார்கள். யாரும் தவற முடியாது. என் கட்டுத் தோல்கள் கப்பலேறி, சீமையில் எவர் காலிலோ தேய்ந்து முடிந்திருக்கும். பாய் போன மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டார். இருந்திருந்தால், "நீங்கள் அன்று சிரித்துச் சொன்னீர்களே, அது மாட்டு மூஞ்சியேதான் பாய்" என்று சொல்ல ஓடியிருப்பேன்.