மீன்தொட்டிக்கு இழுத்த பிளக்

சாரல் காலம் வந்தாலே இன்றைக்கும் எனக்குக் கோபம் வந்துவிடும். ஊரெல்லாம் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று விசாரிக்கும். எனக்கோ மேலகரத்து வீட்டு ஹாலில், மீன்தொட்டிக்குப் பக்கத்தில் மிக்ஸியோடு நின்ற அத்தைதான் ஞாபகத்துக்கு வருவாள்.

அப்பாவின் அக்கா அவள். சீசன்தோறும் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்குவாள். அருவியில் குளிப்பது அவர்கள். ஈரத்துணி பிழிவதும் பொங்கிப் போடுவதும் அம்மா.

மீன்தொட்டி அம்மா ஆசைப்பட்டு வாங்கியது. சின்னத் தொட்டி, நான்கு தங்கமீன்கள். காலையில் எங்களுக்கு முன்பே அவற்றுக்குத்தான் சாப்பாடு. மழைக்காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் காற்று மோட்டார் நின்றுவிடுமே என்று, இன்வெர்ட்டரிலிருந்து தனியாக ஒரு பிளக் இழுக்கச் சொன்னதும் அவள்தான்.

"இந்த மோட்டாருக்கு நைட் லாம்பு அளவுகூட கரண்டு ஆகாது. நாள் பூரா ஓடும். மிக்ஸிய மட்டும் இதுல சொருகிராதீங்க" என்று எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி சொல்லிவிட்டுப் போனார். அத்தை அதைத்தான் செய்தாள்.

அன்று விடிந்ததிலிருந்தே கரண்ட் இல்லை. அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு வந்த அத்தைக்குப் பசி பொறுக்கவில்லை. மோட்டாரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மிக்ஸியை ஹாலுக்கே தூக்கிவந்து சொருகிச் சட்னி அரைத்தாள். இன்வெர்ட்டர் கீகீ என்று கத்தி அடங்கியது. அப்புறம் எந்தப் பட்டனை அமுக்கியும் அது எழுந்திருக்கவில்லை.

மத்தியானமும் கரண்ட் வரவில்லை; மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. நான் கைவலிக்கத் தண்ணீரை அளைந்துகொண்டே இருந்தேன். பொழுது சாய்வதற்குள் நான்கும் மிதந்தன.

"நீங்கதான் கொன்னுட்டீங்க! உங்கள யாரு இங்க வரச் சொன்னா?" என்று அத்தையைப் பார்த்துக் கத்தினேன்.

"மீனுக்குப் போயி இந்தப் பேச்சா? பிள்ளைய வளத்திருக்க லட்சணத்தப் பாரு" என்றாள் அவள், அடுப்படிப் பக்கம் பார்த்து.

அம்மா வெளியே வந்தாள். என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அத்தையிடம் திரும்பி, "சின்னப் பிள்ள, மனசுல வச்சுக்கிடாதீங்க மைனி. தோச ஊத்துதேன், வாங்க" என்றாள்.

கொன்றவளுக்குத் தோசை, கேட்டவளுக்கு அறை! அம்மாவுக்கு மீன்கள்மேலும் பாசமில்லை, என்மேலும் இல்லை என்று முடிவுகட்டி, வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கல்யாணமாகி, எனக்கும் ஒரு நாத்தனார் வாய்த்து, அவள் முன்னால் என் மகன்மேல் கை ஓங்கிய அன்றுதான், அம்மா அந்த அறையை யாருக்கு வைத்திருந்தாள் என்று விளங்கியது.