பச்சைப் பொட்டு வைத்த பொத்தான்

கொளஞ்சி அக்காவைப் பற்றி எழுதுவதென்றால் என் தப்பையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அதை ஒளித்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனசில்லை. என் பெயர் வீரமணி. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து அரியலூரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் உண்டு. போன ஆடி மாசம் வரை நிறையவே இருந்தது.

அக்காவுக்குத் தா.பழூர் பக்கம். ஐம்பத்தொரு வயது. நடவு, களையெடுப்பு என்று போய்க்கொண்டிருந்தவர், கல்லூரியின் நிலவியல் துறைக்குப் பெருக்குகிற வேலைக்கு வந்தார். பிறகு மண்ணைச் சல்லடையில் அலசிக் கொடுக்கிற வேலை. எங்கள் மண் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த மண். அலசி மிஞ்சுகிற மணலில், வெறும் கண்ணுக்குப் புள்ளியாகக்கூடத் தெரியாத கடல் உயிர்களின் கூடுகள் கிடக்கும். பேராசிரியர் மணிமொழி மேடம் ஒருநாள் மைக்ராஸ்கோப்பை அப்படியே விட்டுவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறார். அக்கா எட்டிப் பார்த்திருக்கிறார். மேடம் திரும்பி வந்ததும் அக்கா அவரிடம், இதில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டவில்லையே என்றாராம். மேடம் அதுவரை அதைத் தனி வகை என்றே கவனித்ததில்லை. அன்றிலிருந்து பதினொரு வருடமாகக் கூடுகளை எண்ணுவது அக்காவின் வேலை.

அந்த அறைக்குள் போனாலே எனக்குத் தூக்கம் மாதிரி ஒன்று வரும். ஜன்னலை மூடி, விளக்கைக் குறைத்து வைத்திருப்பார்கள். கறுப்புத் தட்டில் மணலைப் பரப்பி, கேமரா பொருத்திய மைக்ராஸ்கோப்புக்கு அடியில் அக்கா இடது கையால் மெல்ல நகர்த்துவார். பெரிய திரையில் வெள்ளைக் கூடுகள் மிதந்து வரும், மிதந்து போகும். சுருண்டது, நீண்டது, சோளப்பொரி மாதிரி உப்பியது. எத்தனையோ கோடி வருடத்துக்கு முன்னால் தண்ணீருக்குள் மெதுவாக இறங்கினவை, இன்னும் இறங்கிக்கொண்டே இருப்பது போலத் தோன்றும். வெளியே சிமெண்ட் லாரி போகிற சத்தம் அங்கே எட்டாது.

வலது கை ஒரு சின்ன எண் பலகையின் மேல் இருக்கும். கம்ப்யூட்டரில் யுஎஸ்பி வழியாகச் சொருகியது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பொத்தான். அடையாளத்துக்கு அக்கா அவற்றின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தார். நிறைய வருவதற்குச் சிவப்பு, அடுத்ததற்கு மெரூன். எல்லாவற்றையும்விட அரிதானதற்குப் பச்சை. கூட்டைப் பார்த்து அமுக்க வேண்டும், திரையின் மூலையில் எண்ணிக்கை ஏறும். அந்த மூலையை அக்கா பார்ப்பதே இல்லை. கண் முழுக்கக் கூடுகளின் மேல்தான்.

“அக்கா கடலுக்குப் போயிட்டாங்க” என்று துறையில் கேலி செய்வார்கள். நிஜக் கடலை அவர் ஒரே ஒரு தடவை வேளாங்கண்ணியில் பார்த்திருக்கிறார். எப்படி இருந்தது என்று கேட்டால், சத்தம் ஜாஸ்தி என்பார்.

ஆடியில் நான், கல்லூரிக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் ஓடுகிற லினக்ஸ் என்ற மென்பொருளின் கர்னலைப் புதுப்பித்தேன். கர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிப்படை. வெளியிலிருந்து எதைச் சொருகினாலும் அது கர்னலோடு பேசித்தான் வேலை செய்ய வேண்டும். எல்லா மெஷினும் நன்றாகத் திறந்தன. நான் நிம்மதியாக டீ குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து மேடம் கூப்பிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய தட்டு ஒன்றை மறுபடி எண்ணச் சொல்லிச் சரிபார்ப்பது அவர் வழக்கம். முன்பு பதினாலு பச்சை இருந்த தட்டில் அக்கா இந்தத் தடவை எண்ணியது மூன்று. மேடமே உட்கார்ந்து பார்த்தார், பதினாலும் அங்கேயே இருந்தன. அக்காவோ, பார்த்தேன், அமுக்கினேன் என்கிறார். எண் பலகையைக் கொஞ்சம் பாருங்கள் என்றார் மேடம்.

பார்த்தேன். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து படபடவென்று நூறு தடவை அடித்தேன், நூறும் விழுந்தன. வயரை மாற்றினேன், வேறு துளையில் சொருகினேன், புதுப் பலகையே கொண்டுவந்து வைத்தேன். ஒவ்வொரு தடவையும் படபடவென்று நூறு, நூறும் சரி. கையைத் துடைத்துக்கொண்டு, மெஷினில் ஒன்றும் இல்லை மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு வாக்கியம் யார் தலையில் போய் விழும் என்று நான் யோசிக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கு வருகிற கோபம் சாதாரணமானதல்ல.

மேடம் கெட்டவர் இல்லை. வயதாகிறது, கண் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். பெரம்பலூரில் கண்ணைச் சோதித்துவிட்டு, ராத்திரி அங்கேயே தங்கி, மறுநாள் காலையில் அக்கா நான் ஏறுகிற அதே பஸ்ஸில் வந்தார். என்ன சொன்னாங்க என்று கேட்டேன்.

“கண்ணு நல்லாத்தான் இருக்காம் சார்” என்றார். டிக்கெட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டே, “அப்ப புத்திதான் போவுது போல” என்றார்.

அடுத்த மாதத்திலிருந்து படித்த பெண் ஒருத்தி எண்ணுவாள், அக்கா பழையபடி சல்லடைக்குப் போகலாம் என்று முடிவாகியிருந்தது. சம்பளம் குறையாது. ஆனால் அந்தத் திரை இருக்காது.

அந்த வாரம் ஒரு மதியம் நல்ல மழை. பஸ் ஸ்டாண்டுக்குப் போக முடியாமல் அக்காவின் அறையில் ஒதுங்கினேன். சல்லடைக்குப் போவதற்குள் முடிந்ததை எண்ணிவிட வேண்டும் என்று அக்கா உட்கார்ந்திருந்தார். பேசாமல் பக்கத்தில் அமர்ந்து, வேலை இல்லாதவன் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு, சிவப்பு, மெரூன், சிவப்பு. மணலில் மழை விழுகிற மாதிரி விரல் விழுந்துகொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. திரையின் நடுவில், மூடிய மொட்டுப் போல ஒன்று. அக்கா மூச்சைக்கூட மெதுவாக விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நானே மனசுக்குள் எண்ணிவிட்டேன். அதன் பிறகுதான் பச்சையை அமுக்கினார். மூலையில் எண் அசையவில்லை. அக்கா தட்டை நகர்த்திவிட்டார்.

“ஏங்க்கா அமுக்கறதுக்கு முன்னாடி நிக்கிறீங்க?”

“அது எப்பவாச்சும்தான் வருது சார். வந்த ஒடனே அனுப்பி வுட மனசு வரல” என்றார் வெட்கத்தோடு.

நான் சோதித்தபோது ஒரு தடவைகூட இப்படி நின்று அமுக்கவில்லை. மெஷினை அணைத்து, திறக்கும்போது வருகிற பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தேன். நான்கு வரை எண்ணிவிட்டு அமுக்கினேன், விழுந்தது. புதியதில் திறந்து அதே போல் நிதானித்து அமுக்கினேன், விழவில்லை. இரண்டாவது தடவை அமுக்கினால் விழுகிறது. கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று புதுக் கர்னல், இரண்டு விநாடி சும்மா இருந்த கருவியைத் தூங்க வைத்துவிடுகிறது. முதல் அமுக்கல் அதை எழுப்புவதிலேயே தொலைந்துபோகிறது. நான் படபடவென்று அடித்த நூறில் அது தூங்க நேரமே இல்லை. விசாரித்தால், நூலகத்திலும் ஒரு மாதமாகப் பார்கோடு கருவி முதல் புத்தகத்தை விட்டுவிடுகிறதாம். அவர்கள் இரண்டு தடவை காட்டிப் பழகிவிட்டார்கள். அக்கா எதை ஆசையாக நின்று பார்த்தாரோ அது மட்டும் கணக்கில் ஏறாமல் போயிருக்கிறது.

தூங்காதே என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், போட்டேன். மேடத்தைக் கூட்டிவந்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அக்கா பழைய தட்டை மறுபடி எண்ணினார். எங்கள் அவசரத்துக்காக ஒரு இடத்திலும் வேகம் கூட்டவில்லை. பச்சை பதினாலு.

மேடம், “மன்னிச்சுருங்க கொளஞ்சி. இனியும் நீங்கதான் எண்ணணும்” என்றார். அக்கா அது காதில் விழாதவர் போல என்னையே பார்த்தார்.

“அப்ப நான் பாத்ததெல்லாம் அங்க இருந்துச்சா சார்?”

“இருந்துச்சுக்கா. எல்லாமே இருந்துச்சு.”

முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அக்கா அழுதார். மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இதில் எது உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், காட்டுங்கள் என்றார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டை நகர்த்தத் தொடங்கினார்.